நகக்கீறல்

சாலைக் கடைத்தெருவில் அரிசி மூட்டை இறக்கும் வன்னியபெருமாள், பழவங்காடிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் வேலைக்குப் போனதே இல்லை. "கண்ணுக்குத் தெரிஞ்ச ஆபத்தும் தெரியாத ஆபத்தும் அண்டாம பாத்துக்கோ" என்பதுதான் அவருடைய வேண்டுதல்.

ஒருநாள் காலையில் சந்துக்குள் தெருநாய்கள் பாய்ந்து வந்தன. முன்னால் போன காய்கறிக்காரர் திரவியத்தின் தொடையைக் குதறிவிட்டன. அடுத்து வன்னியபெருமாள் மேல் பாய்ந்த நாயை மலையாளி ஆட்டோக்காரன் ஷிபு கம்பால் அடித்து விரட்டினான். அதற்குள் வன்னியபெருமாளின் கெண்டைக்காலில் நகம் கீறி லேசாக ரத்தம் கசிந்தது.

"அண்ணாச்சியும் ஏறு. ஆஸ்பத்திரியில ஊசி போடணும் கேட்டோ," என்றான் ஷிபு, திரவியத்தை ஆட்டோவில் ஏற்றியபடி.

"கடிபட்டவனுக்குத்தானடே ஊசி? என்னைப் பிள்ளையார் காப்பாத்திட்டாரு."

வீட்டில் மனைவி பூமாரி மஞ்சளைக் குழைத்துப் பூசினாள். "எதுக்கும் ஒரு ஊசி போட்டுட்டு வந்திருங்களேன்."

"சாமி காப்பாத்தினதைச் சந்தேகப்படுதியாட்டி?" என்று கத்தினார். சாயங்காலம் இருவரும் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார்கள்.

கீறல் ஆறிவிட்டது. ஊசி போட்டுக்கொண்ட திரவியமும் தேறி, நொண்டிக்கொண்டே வியாபாரத்துக்கு வந்தார். "பாவம், பக்தி இல்லாதவன்," என்றார் வன்னியபெருமாள்.

இரண்டு மாதம் கழித்து அவருக்குக் காய்ச்சல் கண்டது. பிறகு தண்ணீரைப் பார்த்தாலே தொண்டை இறுகியது. மின்விசிறிக் காற்று பட்டதும் அலறினார். ஆஸ்பத்திரியில் கையைக் கட்டிலோடு கட்டிப்போட்டார்கள். டாக்டர் ஷில்பா பூமாரியைத் தனியே அழைத்தாள்.

"அன்னைக்கே ஊசி போட்டிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது சேச்சி. இனி மருந்தில்ல."

நடுவில் அவருக்குத் தெளிவு வந்தது. "பூமாரி, பிள்ளையார் தீர்த்தம் கொண்டுவாட்டி. அது மட்டும் உள்ள இறங்கும்."

ஓடிப்போய் வாங்கி வந்தாள். கரண்டி உதட்டில் பட்டதும் அவர் உடம்பு வில்லாக வளைந்தது. தீர்த்தமும் நுரையுமாக அவள் சேலையில் தெறித்தது.

அவர் அழுதார். "அவரு தீர்த்தத்தையே துப்பிட்டேனே. எம்மேல என்னமோ குத்தம் இருக்குட்டி. இல்லேன்னா கைவிடுவாரா?"

உங்கள் மேல் குற்றமில்லை, நாய் நகத்தில் விஷம், அவ்வளவுதான் என்று சொல்ல அவளுக்கு வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"கைவிட மாட்டாருங்க. நாளைக்கே எந்திரிச்சு உக்காருவீங்க."

அவர் அதை நம்பினார். கட்டிய கைகளைக் கும்பிடச் சேர்க்கப் பார்த்தார், எட்டவில்லை. மறுநாள் மதியம் இறந்தார். நோய் தொற்றிவிடும் என்று, பக்கத்தில் போய் முகத்தைத் தொட அவளை யாரும் விடவில்லை.