மேலே தள்ளிப் பார்த்தால்

...பார்த்திருப்பாரா, பார்க்காமல் விட்டிருப்பாரா, திரையை விரலால் ஒரு தள்ளு தள்ளினால் போதும், புளியஞ்சோலைக்கு மேலே அறப்பளீஸ்வரர் கோயில், அதற்கு மேலே படகுத்துறை, அதற்கும் மேலே நான் எழுதியதெல்லாம் அப்படியே கிடக்கிறது. செம்மேடு பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், என் போன் வீட்டுக்காரர் கையில், இவர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மரத்தடியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். யாரும் பிடுங்கிக்கொண்டு போகவில்லை, நானேதான் கொடுத்தேன். டீயை ஆற்றிக்கொண்டே கோயிலுக்கு அடுத்து எங்கே என்று கேட்டார், புளியஞ்சோலை, கோயிலிலிருந்து அரை மணி நேரம் என்று போட்டிருக்கிறது என்றேன், இவர் முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு சிரிப்பு வந்தது. "புளியஞ்சோலை கீழ துறையூர்ப் பக்கமில்ல இருக்குது. மலையிறங்கிச் சுத்திக்கிட்டுப் போகோணும். நடுவுல அத்தாம்பெரிய பள்ளம் இருக்கறது இதுக்குத் தெரியல. கொண்டா, என்னதான் சொல்லுதுன்னு பாக்கலாம்" என்று கையை நீட்டினார். இவர் சிம்முக்கு இந்த மலையில் சிக்னல் கிடையாது. அந்தச் சிரிப்பைப் பார்த்த சந்தோஷத்தில் கொடுத்துவிட்டேன், கொடுத்த பிறகுதான் மேலே கிடப்பது ஞாபகம் வந்தது.

அப்படி என்னதான் எழுதினேன், ஒன்றும் கெட்ட வார்த்தை எழுதவில்லையே... எழுதினேன். மகள் தேன்மொழி ஓசூரிலிருந்து தீபாவளிக்கு வந்தபோது இந்த ஏஐ ஆப்பை என் போனில் ஏற்றிக் கொடுத்தாள், எது வேண்டுமானாலும் கேளும்மா, பதில் சொல்லும் என்றாள். முதலில் மாட்டுக்கு மடி வீங்கியதைக் கேட்டேன், பிறகு ஏன் எனக்கு அடிக்கடி எரிச்சல் வருகிறது என்று கேட்டேன், பிறகு ஒருநாள் கொல்லிமலைக்கு ஒரு நாளில் போய் வர வழி கேட்டேன். சேந்தமங்கலத்தில் பிறந்து வளர்ந்து, வாசலில் நின்றால் தெரிகிற மலைக்குப் போக மெஷினிடம் வழி கேட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இவரிடம் கேட்டிருக்கலாம், இந்தியா முழுக்க லாரி ஓட்டியவர், ஆனால் ஒரு நாளாவது நான் கூட்டிப் போக வேண்டும், வழியை நான் சொல்ல வேண்டும் என்று ஒரு வீம்பு. அது மரியாதையாகக் கேட்டது, யார் யார் வருகிறீர்கள், வயது என்ன, நடக்கச் சிரமம் உண்டா, உங்கள் கணவருக்கு எந்த மாதிரி இடம் பிடிக்கும். அந்தக் கடைசிக் கேள்வியில்தான் வந்தது வினை. இருபத்து நாலு வருஷக் குடித்தனம், எந்த டோல்கேட்டில் நிறுத்தி டீ குடிப்பார் என்பது வரை தெரியும், எந்த இடம் பிடிக்கும் என்று தெரியவில்லை. தெரியலீங்க என்று எழுதினேன், அதோடு நிறுத்தியிருக்கலாம், கை நிற்கவில்லை. அவரு ஊட்டுலயே இருக்கறது எனக்கு மூச்சு முட்டுதுங்க, மறுபடியும் லாரிக்கே போயிட்டாத் தேவலைன்னு இருக்குதுங்க, இதை யார்கிட்டயும் சொன்னதில்லைங்க. அது என் வருத்தம் புரிகிறது என்று இரண்டு வரி சொல்லிவிட்டு, மனம்விட்டுப் பேச ஏற்ற இடங்கள் என்று படகுத்துறையை முதலில் போட்டுக் கொடுத்தது.

அந்த வரியை மட்டும் படித்தால் இவர் என்ன நினைப்பார், நான் என்ன கல்நெஞ்சுக்காரியா, முன்னும் பின்னும் தெரிந்தால்தானே அதற்கு அர்த்தம். லாரியில் போன காலத்தில் தினம் சாயங்காலம் போன் வரும், நாக்பூர் என்பார், இந்தூர் என்பார், சாப்ட்டியா கண்ணு என்பார், கன்றுக்குட்டி துள்ளியதிலிருந்து கடலைக்காட்டில் பன்றி புகுந்தது வரை ஒன்று விடாமல் சொல்வேன், சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கும். போன மாசியில் இடுப்பு டிஸ்க் தேய்ந்துவிட்டது, இனி ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், வந்து உட்கார்ந்தார், அன்றோடு பேச்சு நின்றது. சண்டை இல்லை, கோபம் இல்லை, என்ன சொல்வது, கன்று பிறந்ததைச் சொல்ல முடியுமா, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவரே அவர்தான். நான் ஒரு அறையை விட்டு வெளியே வந்தால் பின்னாலேயே வந்து ஃபேனை அணைக்கிறார், மிளகாய்த்தூள் டப்பாவை இடம் மாற்றி வைக்கிறார், குழம்புக்கு உப்புப் போதுமா என்று கேட்பதற்குள் அவரே கல்லுப்பை எடுத்துப் போட்டுக்கொள்கிறார். என் வீடு, நான் ஒருத்தியாக ஓட்டிய வீடு, அதில் நானே விருந்தாளி மாதிரி சுவரோரமாக நடக்கிறேன். அதைத்தான் எழுதினேன். ஆனால் இதையெல்லாம் எழுதவில்லையே, மூச்சு முட்டுது என்று ஒரே வரியில் முடித்துவிட்டேனே.

இத்தனை நேரம் ஒரு புளியஞ்சோலையையா பார்க்கிறார்... தோளைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, தலை குனிந்திருக்கிறது, படிக்கிறவர் தலை குனியத்தான் செய்யும். எழுந்து போய் கொண்டாங்க, தேன்மொழிக்குப் பேசணும் என்று கேட்டு வாங்கிவிடலாமா, அப்படிக் கேட்டால் அதில் என்ன இருக்கிறது என்று மேலே தள்ளிப் பார்க்கத் தோன்றாதா, ஒன்றும் தெரியாத மாதிரி இங்கேயே உட்கார்ந்திருப்பதுதான் நல்லது. காலையில் காரவள்ளி தாண்டி வளைவு ஆரம்பித்ததும் இவர் வலது கால் தானாக பிரேக் மிதித்ததே, பஸ் தகரத்தில் வெறுங்காலை ஊன்றி ஊன்றி, ஒவ்வொரு வளைவுக்கும், எழுபது வளைவுக்கும்... ஜன்னலுக்கு வெளியே அவ்வளவு பச்சை, ஒரு தடவை திரும்பிப் பார்க்கவில்லை, டிரைவரின் கையையே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பாவமாக இருந்தது, கூடவே எரிச்சலாகவும் இருந்தது, இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் வருகிறதோ. கூடையில் அன்னாசி வைத்துக்கொண்டு டீக்கடை பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, வந்ததிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், ஒரு பழத்தை எடுத்து நீட்டினார். "வாங்கிக்குங்க சாமி, அரியூர்நாட்டுப் பழம், நாக்குல அரிக்காது." வேண்டாங்க என்றேன். "அங்க நிக்கறது உங்க ஊட்டுக்காரருங்களா? அப்பத்துலருந்து போன்ல பேசிக்கிட்டே இருக்காரு" என்றார். அப்போதுதான் கவனித்தேன், போனைக் காதில் வைக்காமல் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார். யாரிடம், தேன்மொழியிடமா, உங்க அம்மா இப்படி எழுதி வெச்சிருக்கிறா பாரு என்றா... எதற்கென்று தெரியாமல் இரண்டு அன்னாசி வாங்கிவிட்டேன்.

கோயில் பஸ் வந்தது. இவர் ரோட்டைத் தாண்டி வந்து பையை வாங்கிக்கொண்டார், போனை என் கையில் வைத்தார், முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை, எனக்கு ஜன்னலோரத்தை விட்டுவிட்டு இந்தப் பக்கம் உட்கார்ந்தார். "பழம் எதுக்கு இத்தன கனமா?" என்றார். "சும்மாங்க" என்றேன். பஸ் கிளம்பி ஒரு திருப்பம் திரும்புகிற வரைக்கும் பொறுத்திருந்துவிட்டு, போனை ஜன்னல் பக்கம் சாய்த்து வைத்துக்கொண்டு திறந்தேன். யாருக்கும் போன் போகவில்லை. இதற்குள்தான் பேசியிருக்கிறார், பேசியதை அது அப்படியே எழுத்தாக்கி வைத்திருக்கிறது. புளியஞ்சோலை கீழே இருக்கிறது என்று கண்டித்திருக்கிறார், அது மன்னிப்புக் கேட்டிருக்கிறது. அதற்குக் கீழே, "இடுப்புல டிஸ்க் தேஞ்சவங்க லாரி ஓட்டறதுக்கு ஏதாச்சும் வழி இருக்குங்களா. ரொம்ப தூரம் வேண்டாங்க. சம்பளம் கொறஞ்சாலும் பரவால்லீங்க. ஊட்டுல இல்லாம இருந்தாச் சரிங்க." அதற்கு அது பெல்ட் போடுவது, சீட்டுக்கு மெத்தை வைப்பது, டாக்டரைக் கேட்பது என்று இவ்வளவு நீளத்துக்குச் சொல்லியிருக்கிறது.

படித்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறார், நான் எழுதியதைப் படித்துவிட்டு, இவளுக்குத் தொந்தரவாக இருக்க வேண்டாம் என்று... இல்லை, மேலே தள்ளவே இல்லை, இவராகவே கேட்டிருக்கிறார், இவருக்கும் அந்த வீட்டில் மூச்சு முட்டுகிறது, என்னோடு இருப்பது முட்டுகிறது. இரண்டில் எது. முதலாவது என்றால் நான் பாவி. இரண்டாவது என்றால் நான் கேட்டதுதானே கிடைக்கப்போகிறது, போகட்டும் என்றுதானே எழுதினேன், பிறகு போய்விடுவாரோ என்று ஏன் பயமாக இருக்கிறது. இதற்கு என்னங்க அர்த்தம் என்று அதனிடமே எழுத ஆரம்பித்த விரலை நிறுத்தினேன், பக்கத்தில் தோள் இடிக்க உட்கார்ந்திருக்கிற மனிதரைப் பற்றி இன்னும் எத்தனை நாள் அதனிடம் கேட்பது. அடுத்த திருப்பத்தில் இவர் தோள் என் தோளில் சாய்ந்தது, "என்ன சொல்லுது அது?" என்றார், முன்னால் டிரைவரைப் பார்த்தபடியே. படித்தாயா என்று கேட்கிறாரா, புளியஞ்சோலையைக் கேட்கிறாரா. "டாக்டரைக் கேக்கச் சொல்லுதுங்க" என்றேன், வாயில் வந்துவிட்டது. இவர் ம் என்றார், தோளை எடுக்கவில்லை. வேண்டாததை அழிக்க இவருக்குத் தெரியும், தினம் வருகிற லோன் மெசேஜை என் போனிலும் இவர்தான் அழிக்கிறார். தான் பேசிய இதை அழிக்காமல் கொண்டுவந்து என் கையில் வைத்திருக்கிறார்... எனக்கும்தான் அழிக்கத் தெரியும், நான் அதை எழுதி மூன்று வாரம் ஆயிற்று, தினம் திறந்து பார்த்தேன், ஒரு நாளும் அழிக்கவில்லை, இன்றைக்குக் கேட்டதும் எடுத்துக் கொடுத்தேன்.