அண்ணி எழுந்திருக்கவில்லை

என் அண்ணி லெட்டிஷியா, பிள்ளைகளின் கிழிந்த காலுறைகளைத் தைத்துக்கொண்டே நாவல் எழுதியவள். சாப்பாட்டு மேசைதான் அவள் எழுதும் இடம். யாராவது கதவைத் தட்டினால் தாள்களெல்லாம் துணிக்கூடைக்குள் போய்விடும். டாக்டர் மனைவி கதை எழுதுகிறாள் என்று தெரிந்தால் எட்மண்ட் அண்ணனிடம் யார் வைத்தியத்துக்கு வருவார்கள்? அதனால் புத்தகத்தின் அட்டையில் ஓர் ஆண் பெயர்.

அந்த நாவல் இங்கிலாந்தில் எங்கள் லங்காஷயர் மாவட்டம் முழுக்கப் பேசப்பட்டது. எழுதியவர் எங்கள் பாதிரியார் விண்டர்பாட்டம்தான் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அந்த மனுஷன் மறுக்கவில்லை, தாடியைத் தடவிச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆலை முதலாளி பெயர்ஸ்டோ வீட்டில் விருந்து. பழத்தட்டு வந்ததும் அவர், "பொம்பளைங்க எழுந்து போகட்டும் பாதிரியாரே, உங்க நாவலைப் பத்திச் சாவகாசமா பேசுவோம்" என்றார்.

"எல்லாம் கர்த்தர் கிருபை" என்றார் பாதிரியார். சரியான ஆள்!

வீட்டுக்காரி கண்ணைக் காட்டினாள். நாங்கள் வரவேற்பறைக்குப் போக வேண்டும்; ஆண்கள் உட்கார்ந்து போர்ட் ஒயின் குடிப்பார்கள். எல்லாப் பெண்களும் எழுந்தார்கள். பாதிரியாருக்கு இடப்பக்கம் இருந்த அண்ணி மட்டும் அசையவில்லை.

"என்னம்மா, வரலையா?" என்றாள் வீட்டுக்காரி.

"நீங்க போங்க. பேசப்போறது என் புத்தகத்தைப் பத்தி. நான் இல்லாம எப்படி?"

நான் அண்ணனைப் பார்த்தேன். அவனிடம் வைத்தியம் பார்க்கும் பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் அந்த மேசையில்தான் இருந்தார்கள். அவன் ஒரு வார்த்தை மறுத்தால் புத்தகம் பாதிரியாருக்கே போய்விடும். அண்ணன் முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் புட்டியை எடுத்துத் தன் கோப்பையில் ஊற்றி, இடப்பக்கம் பாதிரியாரிடம் தள்ளினான்.

போர்ட் புட்டி இடப்பக்கமாகத்தான் சுற்றும். யாரும் அதைத் தன்னிடம் நிறுத்திவைக்கக் கூடாது. பாதிரியார் தனக்கு ஊற்றிக்கொண்டார். அடுத்தது அண்ணி; கொடுத்தால் அவள் சொன்னதை ஒப்புக்கொண்டதாகிவிடும். புட்டியைப் பிடித்தபடி அவர் விழித்தார்.

"என்ன பாதிரியாரே, புட்டி உங்ககிட்டயே நிக்குது?" என்றான் அண்ணன். "எழுதினவளுக்குக் குடுங்க. அவ என் பெண்டாட்டி."

பாதிரியார் ஊற்றிக் கொடுத்தார். அண்ணி நிதானமாக ஒரு வாய் குடித்தாள். நாளைக்கு யார் வைத்தியத்துக்கு வராமல் போனால் என்ன, போகட்டும். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அறை வாசல்வரை போயிருந்த நான் திரும்பி வந்து அண்ணிக்கு இடப்பக்கம் உட்கார்ந்தேன்.

"புட்டியை இப்படித் தள்ளுங்க அண்ணி" என்றேன்.