இடப்பக்கம் இழுத்த வண்டி

எனக்குக் கல்யாணமாகிப் பன்னெண்டு வருசமாச்சு. இத்தனை வருசத்துல என் வீட்டுக்காரர் வெற்றிசெல்வன் குறை சொல்லாம விட்டுவச்சது என் கால் ஒண்ணைத்தான். போன மாசம் அதுலயும் குறை கண்டுபிடிச்சிட்டாரு.

"ஒனக்குக் காலு சரியில்ல, ரஞ்சனி. கோணலா மிதிக்கிற. அதான் பிரேக் போட்டா வண்டி இடப்பக்கம் இழுக்குது."

"நீங்க மிதிச்சா இழுக்கலையா?"

"எனக்கு ஸ்டீயரிங்க இறுக்கிப் பிடிக்கத் தெரியும்ல."

கேட்டீங்களா நியாயத்தை! குவைத்துல ஏசி ரிப்பேர் பாக்குறவரு. ஏசி தெரிஞ்சா காரும் தெரியும்னு ஒரு நெனைப்பு. அதோட விட்டாரா? ஞாயித்துக்கிழமை லீவு முடிஞ்சு கிளம்புறதுக்குள்ள வண்டிய வித்துடப் போறாராம். வாங்குறதுக்கு அறந்தாங்கி ஆவுடையப்பன் வெள்ளிக்கிழமை வந்து பாக்குறாராம்.

நான் வேலை பாக்குற ரத்தப் பரிசோதனை லேப் அறந்தாங்கியில இருக்கு. மீமிசல் பக்கத்துல எங்க ஊர்லேர்ந்து ரெண்டு பஸ் மாறிப் போய், ரெண்டு பஸ் மாறி வரணும். வீடு வந்து சேர்றப்ப எம்மக இலக்கியா வீட்டுப்பாட நோட்டு மேலயே தலைய வச்சுத் தூங்கிக் கிடப்பா. அதுக்காகத்தான் மல்லுக்கட்டி லைசன்ஸ் எடுத்தேன். எடுத்து முழுசா ரெண்டு மாசம் ஆகல, வண்டிய விக்கிறாராம்!

வியாழக்கிழமை காலையில மீமிசல் ராக்கன் ஒர்க்‌ஷாப்புல வண்டிய நிறுத்துனேன். இவரும் கூடவே வந்தாரு. என் கால்தான் தப்புன்னு மெக்கானிக் வாயால கேக்கணுமாம்.

ராக்கன் ஜாக்கி வச்சுத் தூக்கி, முன்சக்கரம் ரெண்டையும் கழட்டுனாரு. "அக்கா, ஏறி பிரேக்க மிதிங்க. அண்ணே, இங்கிட்டு வலப்பக்கம் குனிஞ்சு பாருங்க."

மிதிச்சேன். கீழேயிருந்து "அய்யய்யோ!"ன்னு இவர் குரல்.

"என்னங்க ஆச்சு?"

"குழாய் வீங்குது."

சக்கரத்துக்கு பிரேக் ஆயில் போற ரப்பர் ஹோஸ் அது. நான் மிதிக்க மிதிக்க தவளைத் தொண்டை கணக்கா உப்புச்சாம். உள்ளயும் வீங்கி வழிய அடைச்சிருக்கு, வலப்பக்கம் பிரேக் தாமதமாப் பிடிக்குது, இடப்பக்கம் முந்திக்குது, அதான் வண்டி அங்கிட்டு இழுக்குதுன்னாரு ராக்கன். அப்புறம் ஹோஸ விரலால தடவிப் பாத்தாரு. பிசுபிசுன்னு கறுப்பா ஒட்டுச்சு.

"யாரு இதுல வேஸ்ட் ஆயில் பூசுனது?"

நான் இவரைப் பாத்தேன்.

எங்க பக்கம் உப்புக்காத்து. தகரம் துருப்பிடிக்காம இருக்க வண்டிக்கு அடியில பழைய இன்ஜின் ஆயிலப் பூசுவாங்க. எல்லாரும் வருசத்துக்கு ஒரு தடவை பூசுனா, இவருக்கு மாசா மாசம் பூசணும். கூட்டாளியோட விசைப்படகுலேர்ந்து கேன்ல வாங்கிட்டு வந்து, வலப்பக்கமாப் படுத்துக்கிட்டு பிரஷ்ஷால தீட்டுவாரு; அந்தப் பக்கம்தான் ரெண்டு பூச்சு கூடுதலா விழும். குவைத்துல இருக்கிற மாசத்துல வீடியோ கால்ல நின்னுக்கிட்டு, ஆள் வச்சுப் பூச வைப்பாரு.

"தகரத்துக்குப் பூசலாம்ணே. ரப்பருக்கு ஆகாது, ஊறிப் போயிரும்."

"ஒரு இடம் விடாமப் பூசுனேனே, ராக்கா!"

"அதாண்ணே தப்பு."

"இப்பச் சொல்லுங்க, என் காலு கோணலா, ஒங்க பிரஷ் கோணலா?"ன்னேன்.

ஒரு பக்கம் மட்டும் மாத்துனாப் போதாதான்னு இவர் முனகுனாரு. மாத்துனா ரெண்டையும்தான் மாத்தணும்னு ராக்கன் ஒரே பேச்சா முடிச்சிட்டாரு. புது ஹோஸ் ரெண்டையும் மாட்டி, ஸ்டீயரிங்க அந்தக் கடைசிக்கும் இந்தக் கடைசிக்கும் திருப்பச் சொல்லி, எங்கயாச்சும் முறுக்குதா, உரசுதான்னு பாத்தாரு. அப்புறம் குழாய்க்குள்ள சிக்கிக்கிட்ட காத்த வெளியேத்தணும். "மிதிங்கக்கா... பிடிங்க... ம், விடுங்க." அரை மணி நேரம் மிதிச்சேன். இவர் கீழ ஆயில் வடியிற பாட்டிலப் பிடிச்சுக்கிட்டு, குமிழி வருது, வருது, நின்னுருச்சுன்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு.

"அக்கா மாதிரி நிதானமா மிதிக்க ஆள் கிடைக்கிறது கஷ்டம்ணே"ன்னாரு ராக்கன். நல்லா இருப்பாரு அந்த மனுசன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில நான் ஓட்டுனேன், இவர் பக்கத்துல. ஆள் இல்லாத இடமாப் பாத்து அழுத்தி மிதிச்சேன். வண்டி நேரா நின்னுச்சு. "இன்னொரு தடவை"ன்னாரு. நின்னுச்சு. இன்னும் ரெண்டு தடவை.

"சொல்லுங்க. இன்னும் காலுதானா?"

"காலு இல்ல, ரஞ்சனி. நான் அங்கிட்டு கடல் தாண்டிக் கிடக்கேன். நீ தனியா ஓட்டிட்டுப் போறப்ப ஏதாச்சும் ஆயிட்டா யாரு ஓடி வருவா? நெனைச்சாலே தூக்கம் வரல. பயமா இருக்குன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் ஒன் காலக் குறை சொன்னேன்."

எனக்குக் கோவம்தான் வந்திருக்கணும். அழுகை வந்துருச்சு. "ஒங்க பயத்துக்கு என் காலுதான் கிடைச்சுச்சா?"ன்னு அதையும் கேட்டு வச்சேன்.

அந்த நேரம் பாத்து ஆவுடையப்பன் இவருக்குப் போன் பண்ணுனாரு. நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும்னு கேட்டாரு.

"வர வேணாங்க. வண்டி குடுக்கல."

"ஏங்க, வேற யாரும் கேட்டாங்களா?"

"இல்லைங்க. ஞாயித்துக்கிழமை எங்க வீட்டம்மா என்னைத் திருச்சி ஏர்ப்போர்ட்டுல எறக்கி விட்டுட்டு, அம்புட்டுத் தூரமும் தனியா ஓட்டிக்கிட்டுத் திரும்பி வரணும்."

என்கிட்ட அதுவரைக்கும் இவர் அதைச் சொல்லவே இல்ல.