கோதண்டத்தின் காயாத தலை

கோவில்பதாகை கோதண்டம் தன் ஒரே மகள் யுவராணியைத் தலைமுழுகியது ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு. அதற்குப் பிறகு அவர் தலை காயவில்லை. அன்று காலை நெமிலிச்சேரி ரயில் நிலையத்துக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஒரு சின்ன சபையில், நீல பிளாஸ்டிக் தொட்டிக்குள் யுவராணி முழுக்கு ஞானஸ்நானம் எடுத்திருந்தாள். ஈரப் பின்னலோடு வீட்டுக்கு வந்தவள் எதையும் மறைக்காமல் சொன்னாள். கோதண்டம் சத்தம் போடவில்லை. "நீ அங்க முழுகினியா? நான் இங்க முழுகறேன்" என்று சொல்லி போர் குழாயடியில் உட்கார்ந்தார். சாவு வீட்டுக்குப் போய் வந்தவர் மாதிரி மூன்று குடம் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, "எம் பொண்ணு செத்துட்டா" என்றார். யுவராணி நாலு புடவையையும் வேதாகமத்தையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். அவள் தெருமுனை திரும்பும் வரை அவர் தலையிலிருந்து சொட்டியது மூன்று குடத்துத் தண்ணீர். அதற்குப் பிறகு சொட்டியது எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

நிலமெல்லாம் மனையாகி விற்றுப்போய், பெண்டாட்டியும் போய்ச் சேர்ந்தபின், கோதண்டத்திடம் மிஞ்சியிருந்தது இரண்டு எருமையும் ஒரு கோபமும்தான். மூன்றையும் நன்றாகவே பராமரித்தார். தலையைத்தான் சமாளிக்க முடியவில்லை. துண்டு கட்டினார், துண்டு நனைந்தது. வெயிலில் நின்றார், எருமைகள் வந்து குளிர்ச்சியென்று பக்கத்தில் நின்றுகொண்டன. பார்பர் துலுக்கானம் மொட்டை அடித்துப் பார்த்தார். தடுக்க மயிர் இல்லாததால் தண்ணீர் இன்னும் தாராளமாக வந்தது. ஆவடியில் ஒரு டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "மூன்று வேளையும் ஆகாரத்துக்குப் பின் துவட்டவும்" என்று எழுதிக் கொடுத்தார்.

யுவராணிக்கு வந்த துன்பங்களில் இப்படி வேடிக்கை எதுவும் இல்லை. அவள் ராணுவத்துக்குச் சட்டை தைக்கும் தொழிற்சாலையில் தையல் மெஷினில் இருந்தாள். பக்கத்து மெஷின் பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் தங்கள் கேரியரை ஒரு முழம் தள்ளி வைத்துக்கொண்டார்கள். நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை வீட்டார் தாம்பூலத் தட்டைத் திருப்பி அனுப்பினார்கள். வாழைப்பழத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நெமிலிச்சேரியில் ஒற்றை அறை எடுத்துத் தங்கி, தினமும் காலை ஐந்து மணிக்கு முழங்கால் போட்டு அவள் கேட்டது ஒன்றே ஒன்று: நைனா தலை காய வேண்டும், நைனா தன்னைக் கூப்பிட வேண்டும். எண்ணிப் பார்த்தால் அது இரண்டு. ஆனால் அவளுக்கு ஒன்றாகத்தான் தெரிந்தது.

ஆடி மாதம் காட்டுப்பாக்கத்திலிருந்து தாய்மாமன் எத்திராஜ் அவள் அறைக்குச் சமாதானம் பேச வந்தார். "நீ ஒண்ணியும் வுட வேணாம். அம்மனுக்குக் கூழ் ஊத்தறப்போ நாலு பேர் பாக்க வந்து கும்ப்ட்டுட்டு, ஒரு சொம்பு குடிச்சிட்டுப் போ. அப்பால ஒன் ரூம்ல எவரைக் கும்ப்ட்டா யாருக்கு இன்னா?"

"கூழ் மேல எனக்கு இன்னா கோவம் மாமா? பொய்யா கும்புடறதுதான் வராது."

"ஒங்கப்பன் சளி புடிச்சே சாவப் போறான், பாத்துகினே இரு."

அந்த ஒரு வார்த்தை அவளை ஒரு வாரம் தூங்கவிடவில்லை. ஆனாலும் கூழுக்குப் போகவில்லை. சபையில் பாஸ்டர் தமிழரசு நல்ல மனிதர், ஆனால் ஆர்வக்கோளாறு. இந்த அற்புதத்தைத் துண்டறிக்கையாக அச்சடித்தால் ஆவடியே திரண்டு வரும் என்றார். "எங்க நைனா தலைய வெச்சுக் கூட்டம் சேக்க வேணாங்கய்யா" என்றாள் யுவராணி. பாஸ்டர் வெட்கப்பட்டு, துண்டறிக்கைக்கு எடுத்து வைத்த தாளில் ஆராதனைப் பாட்டு நம்பர் எழுதினார்.

ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் அவள் அப்பா வீட்டு கேட்டுக்கு வெளியே பத்து நிமிஷம் நிற்பாள். கோதண்டம் அவளைப் பார்ப்பார், முதுகைத் திருப்பிக்கொள்வார். அப்போதெல்லாம் தண்ணீர் குபுகுபுவென்று கொட்டும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் ஊரே நனைந்து கிடந்ததால் அவருக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சித்திரையில்தான் தெரிந்தது. தெருவில் போர் எல்லாம் வறண்டு, லாரித் தண்ணீர் பத்து நாளுக்கு ஒருமுறை வந்தபோது, எதிர்வீட்டு எல்லம்மா ஒரு குடத்தைக் கொண்டுவந்து கோதண்டத்தின் காதோரம் பிடித்தாள். மகளைத் தலைமுழுகியது சரிதான் என்று முதலில் தூபம் போட்டவளும் அவள்தான். தண்ணீர் இனிப்பாக இருந்தது. பருப்பு நன்றாக வெந்தது. ஒரே வாரத்தில் அவர் பிடரிக்குப் பின்னால் தகரத்தை வளைத்து, பிளாஸ்டிக் பைப் மாட்டினார்கள்; நாற்பது வீட்டுக் குடங்களும் வரிசையில் வந்துவிட்டன. கோபம் குறைந்தால் நீர்வரத்தும் குறையும் என்பதால், வீட்டுக்கு ஒரு நாள் முறை வைத்து, காலையில் ஒருவர் யுவராணியின் பேரை எடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. "அண்ணாத்தே, பொண்ணு நெனப்பு வந்துச்சா?" என்று கேட்டால் போதும், ஆறு குடம் நிறையும்.

இந்த நிலையில் அப்பாவும் மகளும் ராசியாகிவிட்டால் தெரு என்ன ஆவது? ஞாயிற்றுக்கிழமை எல்லம்மா அவளைத் தெருமுனையிலேயே மடக்கினாள். "நீ தங்கமான பொண்ணுதான்டி, யாரு இல்லேன்னா? ஐப்பசி வரிக்கும் இந்தப் பக்கம் வராதே. ஊட்டுக்கு ஊடு கொழந்தைங்க கீது." யுவராணி வரிசையில் நின்ற குடங்களைப் பார்த்தாள். நைனா தன்னை வெறுப்பதால் நாற்பது வீட்டில் உலை கொதிக்கிறது. ஆண்டவரிடம் கேட்டது ஒன்று, கிடைத்தது வேறு என்று வழியெல்லாம் அவரோடு சண்டை போட்டுக்கொண்டே ரயில் ஏறினாள். ஏழு ஞாயிறு வரவில்லை.

முதல் ஞாயிறு கோதண்டம் கேட்டைப் பார்த்தார். இரண்டாம் ஞாயிறு நாற்காலியைக் கேட் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். நான்காம் ஞாயிறு தண்ணீர் நூல் போல இறங்கியது. ஏழாவதில் சொட்டுச் சொட்டாக வந்தது. மகள் பேரை எடுத்தால் கோபம் வருவதற்குப் பதில் அவருக்குக் கண்தான் ஈரமானது. அந்தத் தண்ணீர் ஒரு டம்ளருக்கும் தேறாது. தெரு கூடிப் பேசி எல்லம்மாவையே நெமிலிச்சேரிக்கு அனுப்பியது.

"வாடி யுவராணி, வந்து எங்க தெருவுல ஒரு ஜெபம் பண்ணு. பாட்டு வேணா பாடு. ஒங்கப்பனுக்குக் கோவம் வர்றா மாதிரி."

"கோவப்படுத்த வரமாட்டேங்க்கா. பாக்கணும்னா வரேன்."

"இன்னாத்துக்கோ வா."

மறுநாள் ஞாயிறு. தெரு முழுக்கக் குடங்கள், குடங்களுக்குப் பின்னால் மனிதர்கள். யுவராணி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோதண்டம் இந்த முறை முதுகைத் திருப்பவில்லை.

"எம் பொண்ணு செத்துட்டா. தலைமுழுகிட்டேன்" என்றார்.

"தெரியும் நைனா. நானும் அவளை நெமிலிச்சேரித் தண்ணிக்குள்ளதான் வுட்டுட்டு ஏந்து வந்தேன். பழசு செத்துப்போச்சுன்னுதான் எங்க பாஸ்டரும் சொல்றாரு. அதுல நமக்குள்ள தகராறே இல்ல."

கோதண்டம் யோசித்தார். இந்த விஷயத்தில் தன்னோடு யாராவது ஒத்துப்போவார்கள் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. ஓர் ஆண்டாக நெஞ்சில் பிடித்துக்கொண்டிருந்ததை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாதவர் போல எருமைகளைப் பார்த்தார்.

"அப்போ நீ யாரு?"

"யுவராணி. நெமிலிச்சேரி. சட்டை தைக்கிறேன்."

"அப்பா அம்மா?"

"மேல ஒருத்தர் கீறாரு. கீழ யாருமில்ல."

கோதண்டம் ஈரத் தலையைத் தடவிக்கொண்டார். "எனக்கும் புள்ள குட்டி கெடையாது" என்றார். பிறகு, கேட்டைத் திறந்துவிட்டு, "சாப்ட்டியா?" என்றார்.

அவள் உள்ளே போய்ச் செருப்பைக் கழற்றியபோது எல்லம்மா பைப்பில் காதை வைத்துப் பார்த்தாள். தண்ணீர் முழு வேகத்தில் வந்தது. செத்தவள் செத்தவளாகவே இருக்க, முழுகிய தலையும் முழுகிய தலையாகவே இருந்துவிட்டது. அது கோபத்தில் வருகிறதா வேறு எதிலாவது வருகிறதா என்று ஆராய்ந்துகொண்டிருக்க யாருக்கும் நேரமில்லை, குடம் நிறைந்து வழிந்தது.

இப்போது அந்தத் தெருவில் தினமும் காலை ஆறிலிருந்து எட்டு வரை தண்ணீர் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மதியம் இரண்டு மணிக்குத்தான். நெமிலிச்சேரிப் பெண் சபையிலிருந்து வந்து, கண்ணை மூடி ஜெபம் பண்ணி, சாப்பிட்டு முடிக்கிறவரை கோதண்டம் பந்தியை விட்டு எழுந்திருப்பதில்லை.