கேட்காமல் எடுத்த வரி

நான்சி ஆத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள், சொல்ல வேண்டியதை ஏழெட்டுத் தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் 'மன்னிச்சிருங்க' என்ற இடத்திலேயே பேச்சு நின்றுபோனது.

ஃபேஸ்புக்கில் திண்டுக்கல் வட்டாரத் தாய்மார்களுக்கென்று ஒரு குழு இருக்கிறது. அங்கே வந்த பதிவுகளை வைத்துத்தான் அவள் முனைவர் பட்ட ஆய்வைச் செய்தாள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று திறந்து கிடக்கிற குழு. அனுமதி தேவையில்லை என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். பெயர்களை மட்டும் எடுத்துவிட்டாள். "அந்த ஜனங்க பேச்சுல கை வைக்காதம்மா, திருத்துனா சப்புனு போயிரும்" என்றார் வழிகாட்டி ஞானராஜ். அவளுக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. ஒரு பெண் எழுதியதை எழுத்து மாறாமல் கட்டுரையில் சேர்த்தாள்.

'மூணாவது கரு கலைஞ்சப்ப எல்லாரும் அழுதாங்க. எனக்கு, தேங்குன தண்ணி வடிஞ்ச வயக்காடு மாதிரி இருந்துச்சு. நிம்மதின்னு சொன்னா அடிப்பாங்க.'

ஒரு நாளிதழின் இணைப்பு மலர் அந்த வரிகளைப் பெரிய எழுத்தில் போட்டது. ஆத்தூர்க்காரரான ஈஸ்வரன் அதைப் படித்துவிட்டு, சும்மா போனில் அடித்துத் தேடியிருக்கிறார். மூலப் பதிவு வந்து நின்றது. பெயர் பொய்ப்பெயர்தான். பக்கத்தில் இருந்த படம் அவர்கள் தோட்டத்து மோட்டார் ரூம். எழுதியது அண்ணன் மனைவி நாகஜோதி.

குழுவை நடத்தும் தீபா போன் செய்தாள். "நல்லாப் பேர் வாங்கிட்டீங்க மேடம். அங்க அவ புருசன் போனைப் புடுங்கி, பதிவையும் அழிக்க வச்சுட்டாரு. ஒரு மாசமா அவ கையால சோறு வாங்கித் திங்கிறதில்ல."

நான்சி அன்றே கட்டுரையைத் திரும்பப் பெற எழுதிக் கொடுத்தாள். கணினியில் சேர்த்திருந்த பதிவுகள், அவற்றுக்கு வந்த பதில்கள், நகல்கள் அத்தனையையும் அழித்தாள். தலைமுழுகி எழுந்ததுபோல் இருந்தது. அதற்குப் பிறகுதான் ஆத்தூருக்கு வரத் துணிவே வந்தது.

நாகஜோதி தோட்டத்தில் சம்பங்கி பறித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கதான் அந்த காலேஜ் டீச்சரா? தீபா சொன்னா. வயசான ஆளா இருக்கும், திட்டத் தோதா இருக்கும்னு நெனச்சேன். இம்புட்டுச் சின்னப் புள்ளையா வந்து நிக்கிறீங்க."

"மன்னிச்சிருங்கக்கா."

நாகஜோதி அந்த வரிசையைப் பறித்து முடித்தாள். மறு வரிசையில் கை வைத்தபடி கேட்டாள்.

"அதுக்குக் கீழ எத்தனை பேரு எழுதுனாங்க, பாத்தீங்களா?"

"நாப்பத்தோரு பேரு."

"எண்ணிக்கூட வச்சிருக்கீங்க." லேசாகச் சிரித்தாள். "கீரனூர்க்காரி ஒருத்தி, எனக்கும் அப்டித்தான் இருந்துச்சுன்னு எழுதியிருந்தா. மோட்டார் போட வாரப்பல்லாம் எடுத்து வாசிப்பேன். பதிவை அழிச்சப்ப அம்புட்டும் சேந்து போயிருச்சு." கையிலிருந்த பூவைக் கூடையில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "உங்க கம்ப்யூட்டர்ல இருக்கும்ல? மன்னிப்பெல்லாம் வேணாம் டீச்சர். அதை ஒரு தாள்ல அடிச்சுக் குடுங்க. அரிசிப் பானைக்கு அடியில வச்சுக்கிறேன்."

 

"இல்லக்கா. எல்லாத்தையும் அழிச்சுட்டேன். உங்களுக்காகத்தான்..."

"அதையாச்சும் என்னையக் கேட்டீங்களா?"

குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தாங்கியிருக்கலாம். நாகஜோதி கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு பார்த்தபடி நின்றாள். "சரி, ஞாபகத்துல இருக்கிறதயாவது சொல்லுங்க. கீரனூர்க்காரி வேற என்ன எழுதியிருந்தா?"

நான்சி கண்ணை மூடி யோசித்தாள். அந்தப் பதில்களை அவள் நான்கு முறை படித்திருக்கிறாள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'ஆதரவு' என்று குறித்து, அட்டவணையில் ஏற்றி, கூட்டிப் போட்டிருக்கிறாள். கூட்டுத்தொகை நினைவிருந்தது. வார்த்தை ஒன்றுகூட வரவில்லை.