ஐம்பத்தைந்துக்குக் கீழே

நான்கு சாலைகள் கூடும் அந்த மலையூரில் கைகாட்டிப் பலகைகள் நான்கும் வேறு ஊர்களையே காட்டின. ஊர் வந்துவிட்டது என்பதைப் பேருந்து நின்றதை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இறங்கினால் ஒரு டீக்கடை, ஒரு பஞ்சர் கடை, சாகசக் கடை ஒன்று. சாகசக் கடைக்குப் பின்னால் பள்ளத்தாக்கு. அதன் குறுக்கே ஓர் இரும்புக் கம்பி. அதில் தொங்கிக்கொண்டு அக்கரைக்குச் சறுக்கிப் போவதற்காக மூன்று பேர் லீவு போட்டு வந்திருந்தார்கள்: ஆய்வாளர், அவர் மனைவி, மனைவியின் அண்ணன்.

ஆய்வாளர் என்றால், கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துகிறவர். ஆள் ஒல்லி. மச்சான் அவருக்குக் 'காத்தாடி' என்று பேர் வைத்து எட்டு வருடமாகிறது. மச்சானோ கதவு அகலம். எந்த வீட்டுக்குள்ளும் கொஞ்சம் பக்கவாட்டில்தான் நுழைவார்.

கடைச் சுவரில் இரண்டு விதிகள் எழுதியிருந்தன. நூறு கிலோவுக்கு மேல் அனுமதி இல்லை. ஐம்பத்தைந்துக்குக் கீழே என்றால் மணல் மூட்டை கட்டிக்கொண்டு போக வேண்டும். இல்லாவிட்டால் வேகம் போதாமல் நடுவழியில் நின்றுவிடும். மூட்டை பக்கத்திலேயே தொங்கியது. சின்னப் பிள்ளைகளுக்காகத் தைத்தது. அதில் ஒரு முயல் பல்லைக் காட்டிச் சிரித்தது.

"மாப்ள, உங்களுக்கு ஜோடி கிடைச்சாச்சு," என்றார் மச்சான்.

ஆய்வாளர் திங்கட்கிழமைதான் அலுவலகத் தராசில் ஏறிப் பார்த்திருந்தார். நாற்பத்தொன்பது. இன்று முயலைக் கட்டிக்கொண்டால் அடுத்த எட்டு வருடத்துக்கு உறவில் எந்த வீட்டில் இலை போட்டாலும் முயல்தான் முதலில் பரிமாறப்படும்.

கடைக்காரம்மா தராசைக் காலால் நகர்த்தினார். "ஏறுங்க சார்."

அவர் ஏறவில்லை. தராசைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். பாதி பழக்கம், பாதி பயம். "முத்திரை முடிஞ்சு ரெண்டு வருஷமாச்சும்மா. இதுல எடை போடக் கூடாது."

"முன்னப்பின்ன இருந்தா என்ன சார், தங்கமா நிறுக்கிறோம்?"

"சட்டம்மா."

கடைக்காரம்மா பெருமூச்சுவிட்டு, தராசை மேசைக்கடியில் தள்ளினார். மார்க்கர் பேனாவை எடுத்தார். "சரி, வாயாலயே சொல்லுங்க."

"அறுபத்திரண்டு."

உத்தியோகத்தில் ஒரு நாளும் தவறான எண்ணை எழுதியவரில்லை அவர். இது வழுக்கிக்கொண்டு வந்தது அவருக்கே ஆச்சரியம். மணிக்கட்டில் 62 என்று ஏறியது. மனைவி எண்ணைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள். "வழியில நல்லா சாப்பிட்டீங்க போல," என்றாள்.

தராசு போய்விட்ட செய்தி வரிசையில் பரவியது. பன்னிரண்டு பேர் முகத்திலும் ஒரு தெளிவு. "எண்பது," என்று மச்சான் கையை நீட்டினார்.

ஆய்வாளர்தான் முதலில் போனார். முக்கால்வாசி தூரம் நன்றாகவே போனது. பிறகு வேகம் குறைந்தது. பிறகு கொஞ்சம் பின்னால் வந்தது. பிறகு நின்றுவிட்டது. கீழே, வெகு கீழே, ஆறு நூல் போலக் கிடந்தது. கால்களுக்கு ஒரு வேலையும் இல்லை.

அக்கரையில் நின்ற வேலையாள் கத்தினான். "சார்! உங்க எடை எவ்ளோ?"

ஆய்வாளர் மணிக்கட்டைக் காட்டினார்.

"அது கெடக்கட்டும் சார், நெசமான எடை! அம்பத்தஞ்சுக்குக் கீழன்னா இங்கேருந்தே கயிறு வீசி இழுத்துருவேன்! மேலன்னா நானே கம்பியில வரணும், ஒரு மணி நேரம் ஆகும்!"

ஆய்வாளர் ஒழுங்காக யோசித்தார். அப்போது காற்று அடித்தது. அவர் இடப்பக்கம் முழுதாக ஒரு சுற்றுச் சுற்றினார், அப்புறம் வலப்பக்கம் ஒரு சுற்று. எட்டு வருடத்தில் முதல் முறையாக அந்தப் பேர் பொருத்தமாக இருந்தது.

"நாப்பத்தொம்பது!"

எதிர்மலை அதை இரண்டு தடவை திருப்பிச் சொன்னது. டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

யாரும் சிரிக்கவில்லை. அடுத்த சுற்றில் கடைப்பக்கம் முகம் திரும்பியபோதுதான் காரணம் தெரிந்தது. வரிசையில் மார்க்கர் பேனா கைமாறிக்கொண்டிருந்தது. ஒரு பெண் எச்சில் தொட்டு மணிக்கட்டைத் தேய்த்தாள். மச்சான் பள்ளத்தாக்குக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நின்றார்.

அரை மணி நேரத்தில் அவரை இழுத்து, ஜீப்பில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். தராசு மறுபடியும் தரைக்கு வந்திருந்தது. "நீங்களே ஏறிச் சொல்லுங்க சார், இது சரியா இருக்கா?" என்றார் கடைக்காரம்மா.

ஆய்வாளர் ஏறினார். முள் நாற்பத்தொன்பதில் நின்றது. எல்லாரும் பார்த்தார்கள்.

"சரியா இருக்கு. முத்திரை மட்டும் வாங்கிருங்க," என்றார். பிறகு முயல் மூட்டையைத் தானே எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். மனைவி முடிச்சைச் சரிபார்த்து இறுக்கினாள்.

"அண்ணா, நீ ஏறு."

மச்சான் மணிக்கட்டில் 80 கோடு போட்டு அடித்திருந்தது. பக்கத்தில் 90, அதுவும் அடித்திருந்தது. மூன்றாவது எண்ணுக்கு இடம் இருந்தது, எழுதவில்லை. "ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்," என்றார்.

"குடிச்சா இன்னும் கூடும் மச்சான்," என்று சொல்லி, ஆய்வாளர் தராசை அவர் காலடிக்கு நகர்த்தி, முள் சுழியத்தில் நிற்கிறதா என்று குனிந்து பார்த்தார்.