ம் சொல்லாத டீச்சர்

அப்சானாவின் திருப்புதல் தேர்வுத் தாளைப் புரட்டப் புரட்ட இசைவாணிக்கு எரிச்சல்தான் வந்தது. தெரியாத பிள்ளை தெரியாது என்று விட்டிருந்தால் மனசு ஆறிவிடும். இவளோ ஒவ்வொரு கணக்கையும் ஒழுங்காகத் தொடங்கி, இரண்டு மூன்று வரி சரியாகவே எழுதி, பிறகு அத்தனைக்கும் குறுக்கே கோடு இழுத்து வைத்திருந்தாள். உலை கொதித்து அரிசியும் போட்ட பிறகு அடுப்பை அணைத்துவிட்டு எழுந்து போனது மாதிரி. இதே கணக்குகளைப் போன வாரம் மாலை வகுப்பில் பிசகில்லாமல் போட்டவள் இவள்தான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது சாட்சாத் இசைவாணியேதான்.

பழங்காநத்தத்தை ஒட்டிய அந்தப் பள்ளியில் கணக்கு என்றால் இசைவாணி. பத்தாம் வகுப்பில் தட்டுத்தடுமாறும் பிள்ளைகளையெல்லாம் அவள் தலையில்தான் கட்டுவார்கள். அவளும் சலித்துக்கொண்டே வாங்கிக்கொள்வாள். நாற்காலியில் உட்கார்ந்து அதட்டுகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. பிள்ளையோடு பிள்ளையாகப் பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்காருவாள். ஒரு வரி சரியாக வந்தால் "ம்" என்பாள். தடம் மாறினால் "ம்ம்...?" என்று இழுப்பாள். பிள்ளை சட்டென்று திருத்திக்கொள்ளும். டீச்சரின் ம்முக்கு ஏழு சுரமும் உண்டு என்று முதுகுக்குப் பின்னால் நடக்கிற கேலி அவளுக்கும் தெரியும். உள்ளூர அதில் கொஞ்சம் பெருமைதான்.

அறிவியல் ஆசிரியர் மலைச்சாமி அவள் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தார். தேர்வன்று அப்சானா இருந்த அறையில் கண்காணிப்பாளராக நின்றவர் அவர்தான்.

"இந்தப் புள்ளயப் பத்தி ஒங்ககிட்டச் சொல்லணும்னு இருந்தேன் டீச்சர். கேள்வித்தாளப் பாத்தத விட என் மூஞ்சியப் பாத்ததுதான் அதிகம். ரெண்டு வரி எழுதும், நிமிந்து பாக்கும். நான் என்னத்தச் சொல்ல? சாப்பிட்ட மயக்கம், ஒரு கொட்டாவி விட்டேன். ஒடனே எழுதுன அம்புட்டையும் அடிச்சிருச்சு."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். "ஹால்ல கொட்டாவி விடுறதுக்கா சார் ஒங்களப் போட்டாங்க?" என்று இசைவாணி கடித்து வைத்தாள். ஆனால் அவர் போன பிறகு கோபம் யார் மேல் என்று அவளுக்கே பிடிபடவில்லை. மனிதர் கொட்டாவி விட்டது ஒரு குற்றமா? அந்தப் பெண்ணுக்கு முகம் பார்த்துக் கணக்குப் போடக் கற்றுக்கொடுத்தது யார்? இத்தனை நாளும் தான் சொல்லிக்கொடுத்தது கணக்கை அல்ல, தன் தொண்டைச் சத்தத்தை என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம். மறுநாள், பொதுத்தேர்வுக்கான ஹால் டிக்கெட் கொடுத்தார்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்டு வாங்கிப்போக, அப்சானா வரவேயில்லை. பரீட்சையே எழுதப் போவதில்லை என்கிறாள் என்று தோழி ஒருத்தி வந்து சொன்னாள். இசைவாணி தலைமையாசிரியரிடம் கேட்டு அந்த ஹால் டிக்கெட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, பள்ளி விட்டதும் வண்டியைக் காஜிமார் தெருவுக்கு விட்டாள்.

அப்சானாவின் அம்மா ஷாஹீதா தையல் மெஷினை ஒதுக்கி இடம் பண்ணி, டீ கொண்டு வந்து வைத்தாள்.

"ஒரே அழுக டீச்சர். போனாத்தான ஃபெயிலு, போகவே இல்லன்னா என்னங்குறா. இம்புட்டு வருசம் படிச்சுட்டு இப்பப் போயி இப்பிடிச் சொன்னா, அவ அத்தாவுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

அப்சானா கதவோரம் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. "நீங்க பக்கத்துல இருந்தா வருது டீச்சர். ஹாலுக்கு நீங்க வர மாட்டீங்கள்ல?"

வர முடியாதுதான். கணக்குப் பரீட்சையன்று கணக்கு டீச்சரை அந்தப் பக்கமே அண்ட விடமாட்டார்கள்.

"தப்பு ஒன் மேல இல்ல கண்ணு. நான்தான் ம் கொட்டிக் கொட்டி ஒன்னயக் கெடுத்துட்டேன்," என்றாள் இசைவாணி.

"என்ன டீச்சர் நீங்க போயி..." என்று ஷாஹீதா பதறினாள்.

இசைவாணி தையல் மெஷின் பலகையிலேயே தாளை வைத்து ஒரு இருபடிச் சமன்பாட்டை எழுதிக் கொடுத்தாள். எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் டூ எக்ஸ் மைனஸ் பதினைந்து, வலப்பக்கம் பூஜ்யம். அப்சானா காரணிப்படுத்தினாள். விடை மூன்று, மைனஸ் ஐந்து. எழுதிய கையோடு நிமிர்ந்து பார்த்தாள். இசைவாணியின் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது ம். ஆறிய டீயோடு சேர்த்து அதை விழுங்கிவிட்டு, எழுந்து போய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

"டீச்சர், சரியா?"

"என்னயக் கேக்காத. கணக்கயே கேளு. எக்ஸ் இருக்குற எடத்துல மூண வச்சுப் பாரு."

"மூணு மூணு ஒன்பது... கூட ஆறு, பதினஞ்சு... அதுல பதினஞ்சு போனா..." குரல் நின்றது. "சைபர் வருது டீச்சர்."

"கேள்வியில வலது பக்கம் என்ன இருக்கு?"

"சைபர்தான்."

அப்போதும் இசைவாணி ம் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது இத்தனை கஷ்டம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. கிளம்பும்போது, "ஹால் டிக்கெட் என் பையிலதான் கெடக்கும். எப்ப வேணும்னு தோணுதோ அப்பக் கேளு," என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் மாலை அப்சானா வந்தாள். ஹால் டிக்கெட்டைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. இசைவாணி நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். தாள் முழுக்க முடியும்வரை திரும்பமாட்டேன், எதையும் அடிக்கக்கூடாது, இவ்வளவுதான் சட்டம். தொடக்கத்தில் "டீச்சர்... டீச்சர்..." என்று ஒரே பரிதவிப்பு. ஒருநாள் பாதியில் பேனாவைப் போட்டுவிட்டு அழுதாள். இசைவாணி முந்தானையைக் கடித்துக்கொண்டு சுவரையே பார்த்திருந்தாள். தவறுகளும் வரத்தான் செய்தன. ஆனால் வந்த விடையைத் திரும்பக் கேள்விக்குள் வைத்துப் பார்க்கப் பழகப் பழக, அந்தத் தவறுகளைப் பாதிக்கு மேல் அப்சானாவே பிடித்துவிட்டாள். வாத்தியார் வேலையில் இப்படியும் ஒரு வேலை உண்டா என்று இசைவாணிக்கு வியப்பாக இருந்தது.

படிப்பு விடுமுறைக்கு முந்தைய கடைசி வகுப்பு. எதிரே சுண்ணாம்பு உதிர்ந்த சுவர். முதுகுக்குப் பின்னால் பேனா ஓடும் சத்தம் நின்றது. இப்போது நிமிர்ந்து தன் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பாளோ என்று இசைவாணிக்குப் பயமாக இருந்தது. பிறகு மெல்லிய முணுமுணுப்பு. ஏதோ பெருக்கல், ஏதோ கழித்தல்.

"ம்."

இசைவாணி திடுக்கிட்டுத் தன் வாயைப் பொத்தினாள். அவள் சொல்லவில்லை. அதே சுரம், குரல்தான் வேறு. அப்சானா தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுத்த கணக்குக்குப் போயிருந்தாள். இசைவாணிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"டீச்சர், அந்த ஹால் டிக்கெட்..." என்றது பின்னாலிருந்து குரல்.

திரும்பக்கூடாது என்பது சட்டம். இசைவாணி பையைத் துழாவி எடுத்து, கையை மட்டும் பின்பக்கம் நீட்டினாள். யாரும் வாங்கவில்லை. பேனா ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கணக்கு முடியட்டும் என்று, நீட்டிய கை நீட்டியபடியே, அவள் சுவரைப் பார்த்துக் காத்திருந்தாள்.